ஆர்வலர் கார் யார் செலவில் பிறக்கிறது?

கேள்வியும் அதன் எல்லையும்

2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸ் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரு கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜேடிபி என்ற பெயரின் முதலெழுத்து கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸைக் குறிக்கும். முன்னாள் கார் பந்தய வீரர் ஜெ. ஆனந்தின் நிறுவனம் அது. டாடாவும் ஜெயமும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்தின் வழியே இந்த இரண்டு மாடல்களும் வந்தன. சாதாரண டியாகோவின் பெட்ரோல் எஞ்சின் அப்போது 85 குதிரைத்திறன் தந்தது. ஜேடிபியின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 114 தந்தது. சஸ்பென்ஷனை இறுக்கி, வண்டியைத் தரையை நோக்கிச் சில மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தார்கள். பானெட்டில் காற்றுத் துளைகள், பக்கக் கண்ணாடி உறைகளில் சிவப்பு, 15 அங்குல அலாய் சக்கரங்கள். டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை டியாகோவுக்கு 6.39 லட்சம், டிகோருக்கு 7.49 லட்சம். ஒரு நடுத்தரக் குடும்பம் மாதத் தவணையில் வாங்கக்கூடிய விலை.

ஓட்டிப் பார்த்த மோட்டார் பத்திரிகையாளர்கள் பாராட்டி எழுதினார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. ஜேடிபி கார்கள் அந்த விதிக்கேற்பப் புதுப்பிக்கப்படவில்லை. விற்பனைக்கு வந்து சுமார் ஒன்றரை ஆண்டில் இரண்டும் நின்றன. கூட்டு நிறுவனமும் அவ்வாண்டே முடிவுக்கு வந்தது.

இது தனிக்கதை அன்று. மாருதி பலேனோ ஆர்எஸ் 2017இல் வந்து 2020இல் மறைந்தது. ஃபியட்டின் அபார்த் புன்டோ 145 குதிரைத்திறனை 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான விலையில் 2015இல் தந்தது, அதுவும் நிலைக்கவில்லை. கார் நிறுவனங்கள் ஓட்டுதலை நேசிப்பவர்களுக்கென்று தனி மாடல் செய்வது ஏன் இத்தனை அரிது, செய்தாலும் அது ஏன் நிலைப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஃபெராரி, லம்போர்கினி போன்றவை இதில் சேரா. வேகத்தை விற்பதே அவற்றின் முழுநேரத் தொழில். மக்கள் கார்களைச் செய்யும் பெருநிறுவனம், தன் சாதாரண மாடலின் எஞ்சினையும் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மாற்றி ஒரு சிறு கூட்டத்துக்காகச் செய்யும் காரையே இங்கு 'ஆர்வலர் கார்' என்கிறேன்.

வழக்கமான மூன்று விடைகள்

முதல் விடை ஷோரூமில் கிடைக்கும்: 'யார் சார் வாங்குறாங்க? எல்லாரும் மைலேஜ்தான் கேக்குறாங்க.' இதற்குச் சான்று உண்டு. ஃபோக்ஸ்வாகன் 2016இல் போலோ ஜிடிஐ காரை 192 குதிரைத்திறனுடன் இந்தியாவுக்கு இறக்குமதி செய்தது. கொண்டுவந்தது வெறும் 99 கார்கள். மூன்று கதவுள்ள அந்தச் சிறிய வண்டிக்கு 25 லட்சத்துக்கு மேல் விலை வைத்தார்கள். பிறகு சுமார் 20 லட்சத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. ஆனால் எதிர்ச் சான்றும் அதே நிறுவனத்திடம் இருக்கிறது. 1970களின் நடுவில் ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்கள் சிலர், மேலிடத்து உத்தரவு இல்லாமல், தம் ஓய்வு நேரத்தில் வடிவமைத்ததுதான் கோல்ஃப் ஜிடிஐ. 1976இல் அது விற்பனைக்கு வந்தபோது போட்ட திட்டம் 5,000 கார்கள். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஆகவே 'வாங்க ஆளில்லை' என்பதை ஒரு விதியாகக் கொள்ள முடியாது.

இரண்டாவது விடை ஆர்வலர்களுடையது: பொறியாளர்கள் செய்ய விரும்புகிறார்கள், கணக்காளர்கள் தடுக்கிறார்கள். ஜிடிஐ கதையைத் தங்கள் பக்கச் சான்றாக இவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் கதையில் கவனிக்காமல் விடுவது ஒன்றுண்டு. ஜிடிஐயின் உடல் ஏற்கெனவே லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டுவந்த கோல்ஃபின் உடல். 110 குதிரைத்திறன் தந்த அதன் 1.6 லிட்டர் எஞ்சின், அதே குழுமத்தின் ஆடி 80 ஜிடிஇ காரில் இருந்த எஞ்சின். புதிதாகச் செலவழிக்க வேண்டியது மிகக் கொஞ்சம். கணக்காளரை மீறி அந்தக் கார் பிறக்கவில்லை. கணக்காளர் மறுக்க முடியாத கணக்கோடு பிறந்தது.

மூன்றாவது விடை மாசு விதிகளைக் காட்டுவது. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி கார்பன் வெளியீடு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்கை ஒட்டியிருக்க வேண்டியிருந்தது. இலக்கைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். கிலோமீட்டருக்கு 170 கிராம் வெளியிடும் ஒரு வேகக் காரைத் தனியே எடுத்துக் கணக்கிட்டால் 75 கிராம் கூடுதல், அதாவது 7,125 யூரோ. அபராதம் சராசரிக்குத்தானே தவிர தனிக் காருக்கன்று. மின்சாரக் கார்களை விற்று ஈடுகட்டலாம். ஆனால் அந்த ஈட்டை எந்த மாடலுக்குச் செலவிடுவது என்று நிறுவனம் யோசிக்கும்போது ஆர்வலர் காரின் முறை கடைசியில்தான் வரும். சுசூகி தன் ஜிம்னி பயணிகள் காரை 2020இல் ஐரோப்பாவிலிருந்து விலக்கிக்கொண்டது இந்தக் கணக்கால்தான். இந்த விடை வலுவானது. இருந்தும் போதாதது. ஆர்வலர் கார்கள் இந்த விதிகளுக்கு முன்பும் அரிதாகவே இருந்தன.

மூன்று விடைகளும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: இப்படிப்பட்ட கார்கள் பிறந்தபோதெல்லாம் செலவை ஏற்றவர் யார்? வாங்கியவரா, வேறு யாரேனுமா?

ஆளைப் பார்த்துக் குறையாத செலவு

ஒரு மாடலில் எஞ்சினை மாற்றுவதை ஒர்க்‌ஷாப் வேலையாக நினைக்கக் கூடாது. எஞ்சின் மாறினால் அதன் மின்னணு நிரல் மாறும். நிரல் மாறினால் மாசுச் சோதனையைப் புதிதாகக் கடக்க வேண்டும். சஸ்பென்ஷன் உயரம், டயர் அகலம், பிரேக் என்று ஒவ்வொரு மாற்றமும் ஒரு சோதனைப் பட்டியலைத் திறக்கும். இந்தியாவில் இதைச் செய்யும் அரசங்கீகாரம் பெற்ற மையங்களில் புனேயின் ஏஆர்ஏஐயும் சென்னையை அடுத்த ஒரகடத்தின் ஜிஏஆர்சியும் முக்கியமானவை. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, வகுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி ஓட்டி, புகைக்குழாயிலிருந்து வரும் வாயுவைப் பையில் பிடித்து அளப்பார்கள். இரைச்சலுக்குத் தனிச் சோதனை, பிரேக்குக்குத் தனிச் சோதனை. இவையெல்லாம் முடிந்த பிறகு டீலர்களிடம் உதிரிபாகம் இருப்பு வைக்க வேண்டும், மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தர வேண்டும், உத்தரவாதக் காலத்துக்கு வண்டியின் பொறுப்பைச் சுமக்க வேண்டும்.

இந்தச் செலவு கல்யாண மண்டப வாடகையைப் போன்றது. பந்தியில் ஐம்பது பேர் உட்கார்ந்தாலும் ஐந்நூறு பேர் உட்கார்ந்தாலும் வாடகை ஒன்றே. வாதத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: உருவாக்கம், சோதனை, சான்று எல்லாம் சேர்ந்து 50 கோடி என்று வைத்துக்கொள்வோம். 50,000 கார்கள் விற்றால் ஒரு காரின் தலையில் 10,000 ரூபாய் விழும், யாருக்கும் தெரியாது. 5,000 கார்கள்தான் விற்கும் என்றால் ஒரு லட்சம் விழும். 6 லட்ச ரூபாய்க் காரில் ஒரு லட்சம் என்பது வாங்குபவரைத் துரத்திவிடும் தொகை. துரத்தினால் எண்ணிக்கை மேலும் குறையும், தலைக்குச் செலவு மேலும் ஏறும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத செலவு பொறியாளர்களின் நேரம். எந்த நிறுவனத்திலும் எஞ்சின் நிரலாக்கம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் மாதக்கணக்கில் ஓர் ஆர்வலர் காரில் உட்கார்ந்தால், மாதம் பத்தாயிரக்கணக்கில் விற்கக்கூடிய எஸ்யூவி ஒன்று அந்த அளவுக்குத் தாமதமாகும். லாபம் வருமா என்று மட்டும் கேட்டால் ஆர்வலர் காருக்குச் சில நேரம் 'வரும்' என்ற பதில் கிடைக்கலாம். அதே உழைப்பை வேறெதில் போட்டால் இன்னும் கூடுதலாக வரும் என்று கேட்கும்போதுதான் அது தோற்கிறது. 'நஷ்டம் வராத காரைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்களே' என்ற ஆர்வலர்களின் புலம்பலுக்கு விடை இதில் இருக்கிறது.

பந்தயக் காருக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை என்பதைக் கோவை நமக்குக் காட்டியிருக்கிறது. கோவைத் தொழிலதிபர் எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அறியப்பட்ட அந்த வகைப் பந்தயத்தில்தான், பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடங்கினார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் பந்தயத் தளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. சாலைச் சான்று தேவைப்படாத பந்தயக் காரைச் சிறு பட்டறையில், சிறு எண்ணிக்கையில், ஒருவரின் ஆர்வத்தை முதலாக வைத்தே செய்துவிட முடிந்தது. அதே ஊரின் கைத்திறன் நம்பர் பிளேட் மாட்டிய காருக்குள் நுழைந்தபோதுதான் எண்ணிக்கை என்ற சுவர் குறுக்கே வந்தது.

பிறர் செலவில் வந்தவை

ஆர்வலர்கள் கொண்டாடும் கார்களின் பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டினால் செலவை ஏற்ற மூன்றாம் தரப்பு ஒன்று பெரும்பாலும் தெரியும். மிகத் தெளிவான உதாரணம் ராலிப் பந்தயம். குரூப் ஏ விதிகளின்படி ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க, அதே வகைக் காரைச் சில ஆயிரம் எண்ணிக்கையில் கட்டியாக வேண்டும்; 1990களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 2,500. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 1992இல் அப்படித்தான் வந்தது. ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த்தும் லான்சியா டெல்டா இன்டகிராலேயும் சுபாரு இம்ப்ரெசா டர்போவும் இதே கதை. வாடிக்கையாளர் கேட்டதற்காக இவை செய்யப்படவில்லை. பந்தயத் துறையின் வரவு செலவில், பந்தய விதியின் கட்டாயத்தால் செய்யப்பட்டன.

1997இல் விதி மாறியது. 'வேர்ல்டு ராலி கார்' என்ற புதிய வகையில், சாதாரண மாடலை எடுத்து அதில் டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் பந்தயத்துக்கு மட்டும் பொருத்திக்கொள்ளலாம். அப்படி ஒன்றைக் கடையில் விற்க வேண்டியதில்லை. விளைவைப் பெஜோ 206இல் பார்க்கலாம். 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அது நிறுவனங்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றது. ஆனால் டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட 206 எந்த வாடிக்கையாளருக்கும் விற்கப்படவில்லை. பந்தயத்துக்காகப் பெஜோ கடையில் விற்க நேர்ந்தது ஒரே ஒரு விசித்திரத்தை: பந்தயக் காரின் நீளம் குறைந்தது 4 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதிக்காக, பம்பரை மட்டும் நீட்டிய 206 ஜிடி என்ற மாடலை 4,000 எண்ணிக்கையில் செய்தார்கள். விதி பம்பரைக் கேட்டது, பம்பர் வந்தது. முன்பு எஞ்சினைக் கேட்டது, எஞ்சின் வந்தது. ஆர்வலர் எதைக் கேட்டார் என்பது இரண்டு இடத்திலும் கணக்கில் இல்லை.

டொயோட்டா ஜிஆர் யாரிஸ் இதன் அண்மைக்கால வடிவம். 2020 ஜனவரியில் அறிமுகமான அந்தக் காருக்கென்று தனி மூன்று கதவு உடல், தனி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். ஜப்பானின் மோட்டோமாச்சி ஆலையில் கன்வேயர் இல்லாமல், சிறு குழுக்கள் கட்டும் தனிப் பகுதி ஒன்றே அமைக்கப்பட்டது. ராலிக்காகவே திட்டமிட்ட கார் இது. கொரோனா காலத்தில் அந்த ராலிக் காரை டொயோட்டா கைவிட்டது. 2022இல் வந்த புதிய விதிகளுக்குச் சாலைக் காரின் உடலே தேவைப்படவில்லை. பந்தயக் காரணம் போய்விட்டது, கார் மட்டும் நின்றுவிட்டது. அதன் பின்னால் இருந்தவர் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் தானே பந்தயங்களில் கார் ஓட்டுபவருமான தலைவர் அகியோ டொயோடா. மேலாளர்கள் தம் பதவிக்காலத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டியவர்கள்; நிறுவனர் குடும்பத்து வாரிசுக்கு அந்த அவசரம் குறைவு. எல்லா நிறுவனத்துக்கும் அப்படியொரு தலைவர் வாய்ப்பதில்லை.

செலவைப் பங்கிடுவது இன்னொரு வழி. டொயோட்டா 86ம் சுபாரு பிஆர்இசட்டும் ஒரே கார். சுபாருவின் கும்மா ஆலையில் கட்டப்பட்டன. 2019இன் டொயோட்டா சூப்ரா, பிஎம்டபிள்யூ இசட்4 உடன் அடித்தளத்தையும் எஞ்சினையும் பகிர்ந்து ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், மூன்றாவது நிறுவனமான மாக்னா ஸ்டெய்ர் ஆலையில் உருவானது. 'இது உண்மையான சூப்ராவா' என்று மனம் குமுறிய ரசிகர்கள் உண்டு. பிஎம்டபிள்யூ இல்லாவிட்டால் எந்த சூப்ராவும் வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

நம்மூர் உதாரணங்களும் இந்த அச்சில் பொருந்துகின்றன. டாடா 2024 ஜூனில் ஆல்ட்ரோஸ் ரேசரை 9.49 லட்சத்துக்கு வெளியிட்டது. அதன் 120 குதிரைத்திறன் எஞ்சின் நெக்ஸானுடையது. செலவை நெக்ஸான் வாங்கியவர்கள் முன்பே கொடுத்து முடித்திருந்தார்கள். இதற்கு நேரெதிர் ரசேமோ. 2017இல் ஜெனீவா கண்காட்சியில் டாடா அந்த இரண்டு இருக்கை விளையாட்டுக் காரை நிறுத்தியபோது கூட்டம் மொய்த்தது. அதன் அடித்தளத்தைப் பகிர வேறு மாடல் எதுவும் விற்பனையில் இல்லை. கண்காட்சியோடு அது முடிந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் கட்டும் ஐ20 என் லைனை இந்த வரிசையின் நடுவில் வைக்கலாம். எஞ்சின் மற்ற ஐ20 மாடல்களில் இருந்த அதே 998 சிசி டர்போ. மாறியவை சற்றே இறுகிய சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், புகைக்குழாயின் ஒலி, தோற்றம். ஐரோப்பாவுக்கு ஹூண்டாய் செய்த 204 குதிரைத்திறன் ஐ20 என் இங்கு வரவேயில்லை. 'லைன்' என்ற சொல்லைச் சேர்த்த மாடல்கள் எல்லா நிறுவனத்திலும் பெருகியிருப்பதற்குக் காரணம் எளிது. தோற்றத்துக்கு மாசுச் சான்று வாங்க வேண்டியதில்லை.

காலம் என்ற முதலீட்டாளர்

இந்த விளக்கத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான அந்தச் சிறிய திறந்த கார் எந்தப் பந்தய விதிக்காகவும் பிறக்கவில்லை. சாதாரணக் காரின் வேக வடிவமுமன்று. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. செலவை ஏற்றவர் இங்கு யார்?

காலம் என்பது என் விடை. முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் அந்தக் கார் கண்டது நான்கே தலைமுறைகள். 2015இல் வந்த நான்காம் தலைமுறை பத்தாண்டு கடந்தும் விற்பனையில் இருக்கிறது. சாதாரணக் காரை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் தொழிலில் இது மிக நீண்ட ஆயுள். ஆண்டுக்குச் சிறு எண்ணிக்கை விற்றாலும் ஆண்டுகள் கூடினால் நிலைச் செலவு கரைந்துவிடும். போதாக்குறைக்கு அதே காரின் மேல் ஃபியட் தன் 124 ஸ்பைடரைக் கட்டிக்கொண்டு சில ஆண்டுகள் பங்கும் கொடுத்தது. நிசான் ஜிடி-ஆர் இன்னும் தெளிவான சான்று. 2007இல் வந்த ஆர்35 தலைமுறை 2025 ஆகஸ்டில்தான் நின்றது. பதினெட்டு ஆண்டுகளில் மொத்தம் சுமார் 48,000 கார்கள், ஆண்டுக்கு 2,700 அளவில். எந்த ஒரு ஆண்டின் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாத காரைப் பதினெட்டு ஆண்டு நியாயப்படுத்தியது.

இப்படிப் பார்த்தால் விதிகளைப் பற்றிய மூன்றாவது விடையையும் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதியின் கடுமை ஆர்வலர் காரை அவ்வளவாகக் கொல்வதில்லை. அடிக்கடி மாறும் விதி கொல்கிறது. ஒவ்வொரு மாற்றமும் மண்டப வாடகையை மறுபடி கேட்கும். ஐரோப்பாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகள் ஓட்டுநரைக் கண்காணிக்கும் கருவிகளைக் கட்டாயமாக்கின. டொயோட்டா ஜிஆர்86 அங்கு இரண்டு ஆண்டு ஒதுக்கீட்டோடு விற்று நின்றது. போர்ஷே 718 அதே மாதத்து இணையப் பாதுகாப்பு விதியால் ஐரோப்பிய ஒன்றியக் கடைகளிலிருந்து விலகியது. வேகத்துக்கோ புகைக்கோ இதில் சம்பந்தமில்லை; பழைய மின்னணு அமைப்பைப் புதுப்பிக்கும் செலவை மிச்ச ஆயுள் தாங்காது என்பதுதான்.

ஜேடிபிக்கு நேர்ந்ததும் இதுவே. பிஎஸ்-5ஐத் தாண்டி 2020இல் நேரே பிஎஸ்-6க்குப் போவோம் என்று மத்திய அரசு 2016 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. 2018 அக்டோபரில் ஜேடிபியை வெளியிட்டவர்களுக்கு அந்தத் தேதி தெரியும். தொழில்நுட்பம் கைவசம் இல்லை என்றும் சொல்ல முடியாது, அதே 1.2 லிட்டர் டர்போ வகை எஞ்சினை டாடா 2020 தொடக்கத்தில் பிஎஸ்-6 நெக்ஸானில் தந்தது. நெக்ஸானின் எண்ணிக்கை அந்தச் செலவைத் தாங்கியது, ஜேடிபியின் எண்ணிக்கை தாங்கவில்லை. பிறந்தபோதே சாகும் தேதி எழுதப்பட்டிருந்த காரை இறக்கியது துணிச்சலா, திட்டமிடலின் கோளாறா என்று கேட்டால், இரண்டாவது என்பேன்.

1,200 சிசி என்ற கோடு

இந்தியாவுக்கு மட்டும் உரிய தடை ஒன்றைத் தனியே பேச வேண்டும். 2006-07 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்பதற்கு மூன்று அளவுகள்: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500க்குள். சென்னையும் புனேயும் சிறிய கார்களின் உலக உற்பத்தி மையங்களாக வளர இந்த வரி உதவியது என்பதை மறுக்க முடியாது. அதே கோடு எஞ்சின்களையும் வெட்டியது. 1999இல் மறைமலைநகரிலிருந்து வந்து ஓட்டுதல் பிரியர்களின் செல்லமான ஃபோர்டு ஐகான் 1.6 போன்ற கார், வரிக் கணக்குப் பார்ப்பவருக்கு அதன்பின் அபத்தமாகிவிட்டது. ஐரோப்பாவில் 4 மீட்டரைச் சற்றே தாண்டும் ஐ20 இங்கு 3,995 மில்லிமீட்டர். பெஜோ பம்பரை நீட்டியது, நாம் பம்பரைக் குறைத்தோம்.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கோடு அப்படியே தொடர்ந்தது. கோட்டுக்குள் இருந்த பெட்ரோல் காருக்கு மேல்வரி சேர்த்து 29 சதவீதமாக இருந்தது. தாண்டினால் விரைவிலேயே 45க்குக் குறையாமல் போனது. இந்தியாவில் வந்த ஆர்வலர் கார்களின் எஞ்சின் அளவுகளைப் பாருங்கள்: ஜேடிபி 1,199 சிசி, போலோ ஜிடி டிஎஸ்ஐ 1,197, பலேனோ ஆர்எஸ் 998, ஐ20 என் லைன் 998. எல்லாம் கோட்டுக்குள். தாண்டிய அபார்த் புன்டோ 1,368. உலகெங்கும் பேசப்பட்ட சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் எஞ்சின் 1,373 சிசி. ஸ்விஃப்டைப் பெருமளவில் செய்து விற்கும் இந்தியாவில் அந்த ஸ்போர்ட் ஒருநாளும் விற்கப்படவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு வரி 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. பொதுவாகப் பார்த்தால் வரி குறைந்தது. ஆனால் கோட்டின் இரு பக்கத்துக்கும் இடையிலான இடைவெளி 16 புள்ளியிலிருந்து 22 ஆக விரிந்தது. வரிக்கு முன் ஏழரை லட்சம் விலையுள்ள கார் கோட்டுக்குள் இருந்தால் 8.85 லட்சம், வெளியே இருந்தால் 10.50 லட்சம். தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டும் காருக்குச் சாலை வரி விகிதமும் கூடும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் போல எஞ்சினில் கூடும் சுமார் 170 சிசிக்கு இத்தனை தண்டனை. எஞ்சினின் கன அளவு புகையின் அளவும் ஆகாது, விலையின் அளவும் ஆகாது. டர்போ பரவலாகிவிட்ட பிறகு அது திறனின் அளவுகூட ஆகாது.

ஆனால் வரியே முழுக் காரணம் என்று நான் வாதிடவில்லை. கோட்டுக்குள் கவனமாகக் கட்டப்பட்ட ஜேடிபியும் பலேனோ ஆர்எஸும் பிழைக்கவில்லையே.

ஆர்வலரின் பங்கு

இங்கே ஆர்வலர்களையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். புதிய வேகக் கார் வந்ததும் அதைப் பற்றி அதிகம் பேசுபவர்களில் பலர் அதை ஷோரூமில் வாங்குபவர்களல்லர். ஐந்தாண்டு கழித்து, பாதி விலையில், இரண்டாவது அல்லது மூன்றாவது கையாக வாங்கிப் போற்றுபவர்கள். நன்கு பராமரித்த போலோ ஜிடி டிஎஸ்ஐயையோ ஃபியட் லினியா டி-ஜெட்டையோ தேடி ஊர் ஊராகப் போகிறவர்களை நமக்குத் தெரியும். அந்தக் காதல் உண்மையானது. அதில் ஒரு ரூபாய்கூட உற்பத்தியாளருக்குப் போவதில்லை என்பதும் உண்மை. பழைய காரின் விலை ஏறுவதை 'தேவைக்குச் சான்று' என்று நிறுவனத்திடம் காட்டிப் பயனில்லை.

பணமுள்ள ஆர்வலர் வேறு வகை. 2018இல் திருத்திய விதி, சான்று பெற்ற வெளிநாட்டுக் கார்களை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இங்கு மறுசோதனையின்றி இறக்குமதி செய்ய வழிவிட்டது. அதன் பிறகு 2020இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 வந்தது, 200 கார்கள். 2025இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ சுமார் 53 லட்சத்துக்கு வந்தது. முதல் தவணை 150 கார்களும் உடனே தீர்ந்தன. போலோ ஜிடிஐயின் அனுபவத்தோடு இதை ஒப்பிட்டு 'இந்தியச் சந்தை முதிர்ந்துவிட்டது' என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உறுதியில்லை. முதிர்ச்சி கொஞ்சம் இருக்கலாம். 150 கார்களுக்கு இங்கு நிலைச் செலவு ஏறக்குறையப் பூஜ்யம் என்பதுதான் பெரிய காரணம். வாடகையை ஜெர்மனி ஏற்கெனவே கட்டிவிட்டது. அந்த வழியில் வரும் கார் சுங்க வரி சேர்ந்து 50 லட்சத்தில்தான் நிற்கும். 6 லட்சத்தில் ஒரு ஜேடிபி வாங்கக் காத்திருந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எதை மாற்றலாம்

நிறுவனங்களிடம் 'மனம் வையுங்கள்' என்று கேட்பதில் பொருளில்லை. மாற்றக்கூடியவை அரசு வைத்திருக்கும் இரண்டு விதிகள். ஒன்று, காரின் வரியை எஞ்சின் சிசியிலிருந்தும் பம்பர் நீளத்திலிருந்தும் பிரித்து, கிலோமீட்டருக்கு வெளியிடும் கார்பனோடு இணைப்பது. பல ஐரோப்பிய நாடுகள் நெடுநாளாக இப்படித்தான் வாகன வரி வசூலிக்கின்றன. இரண்டாவது, உள்நாட்டில் சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் மாடல்களுக்குச் சான்றுச் சலுகை. ஆண்டுக்கு 1,000 கார்களுக்குக் குறைவாகப் பதிவாகும் உற்பத்தியாளருக்கு ஐரோப்பிய ஒன்றியம் கார்பன் இலக்கிலிருந்தே விலக்குத் தருகிறது. நாமோ வெளிநாட்டிலிருந்து வரும் 2,500 கார்களுக்குச் சோதனை விலக்குத் தருகிறோம். கோவையிலோ புனேயிலோ கட்டும் 2,500 கார்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இறக்குமதி செய்பவருக்குக் கிடைக்கும் சலுகை உள்ளூரில் கட்டுபவருக்கு மறுக்கப்படுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. மாசுக்கும் பாதுகாப்புக்கும் ஊறு வராத எல்லைக்குள் அந்தச் சலுகையை உள்நாட்டுக்கும் நீட்டுவதை மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பரிசீலிக்க வேண்டும்.